கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: வந்தவரைத் திருப்பி அனுப்பும் தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையைச் செய்யும் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். கருவியைக் கொதிக்கவைக்க மறப்பது போன்றவற்றை மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார். பெண்கள் வராமல் போக நாமே காரணமாகிவிடும் தவறுகள்தாம் என்னை உறுத்துகின்றன. அவற்றில் பலவற்றை நானும் செய்தவள்.

"விழிப்புணர்வு இல்லை" என்று பழிபோடுவது

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காட்டினரே; தமிழ்நாட்டிலும் பத்தில் ஒருவருக்குக் குறைவு. "எனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே" என்பவர் அறியாமையால் பேசவில்லை. நோவு வந்தால்தான் ஆஸ்பத்திரி என்று பழகியவர், நோவே இல்லாதபோது சேலையை விலக்கிப் படுக்க ஏன் சம்மதிக்க வேண்டும்? இந்நோய்க்குக் காரணமான ஹெச்பிவி என்னும் வைரஸ் தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதையும், அந்தக் காலம் முழுவதும் வலியே இராது என்பதையும் முதலில் சொல்லுங்கள்.

நடைவழியில் "பாசிட்டிவ்" என்பது

அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும்போது வெண்திட்டு தெரிந்தால், அதைப் பாசிட்டிவ் என்று பதிகிறோம். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்; வெறும் அழற்சியாலும் திட்டு தெரியலாம். இது நமக்குத் தெரியும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது.

பூக்கட்டி விற்கும் ஒரு பெண்ணிடம், பதிவேட்டை நிரப்பிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், "உங்களுக்குப் பாசிட்டிவ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். அவர் பரிந்துரைச் சீட்டை நான்காய் எட்டாய் மடித்துச் சுருக்குப்பைக்குள் திணித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கிருந்த ஐந்தாறு பேரில் ஒருத்தி புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டாள். ஒருத்தி எய்ட்ஸ் என்றாள். ஒருத்தி, கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று ஊருக்குள் சொன்னாள். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போனபோது, "அவளுக்கு ஒண்ணுமில்ல" என்று மாமியார் வாசலிலேயே முடித்துவிட்டார். அதன்பின் பல மாதங்களுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

போன மாதம் ஒரு பயிற்சிப் பெண், கையில் அதே பதிவேட்டுடன், அதே சொல்லை வாசலில் நின்று சொன்னபோது அளவுக்கு மீறித்தான் கடிந்துகொண்டேன். திட்டு தெரிந்தால் உருப்பெருக்கிக் கருவியால் மறுபடி பார்ப்பார்கள் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முடிவைத் திரைக்கு உள்ளேயே, உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஹெச்பிவி உடலுறவால் பரவுவது என்றதும் கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ சந்தேகிக்கத் தொடங்குவார்கள். மணவாழ்க்கை நடத்தும் பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்துபோவது அது, ஆண்டுக்கணக்கில் தெரியாமலே தங்கியும் இருக்கும், ஆகையால் யாருடைய நடத்தைக்கும் சான்று ஆகாது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லுங்கள்.

மாதவிலக்கு நாளைக் கேட்காமல் தேதி குறிப்பது

விலக்கு நாளில் வந்தவர் திரும்புவார், மறுமுறை வரமாட்டார்.

திரைச்சீலை இல்லாத அறை

முதலில் அதை மாட்டுங்கள்.

"வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்" என்பதை அப்படியே நம்புவது

பாதி நேரம் அது மரியாதையான மறுப்பு. மீதி நேரம், நூறு நாள் வேலையில் ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை. எதுவென்று கேட்டறிந்து, கூலிதான் காரணமென்றால் வேலையில்லாத நாளைக் குறித்துக்கொடுங்கள்.