தட்டானைத் துரத்தாதீர்கள், காத்திருங்கள்
ஏரிக்கரையிலோ ஓடையோரத்திலோ தட்டானைப் படமெடுக்க அதன் பின்னால் ஓடாதீர்கள். குச்சி நுனியில் அமரும் தட்டான் பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பி வரும். அங்கே கேமராவைக் குறிவைத்து அசையாமல் இருந்தால் போதும்.

விடிந்த கையோடு போவது இன்னும் நல்லது. உடல் சூடேறும்வரை அவற்றால் சரியாகப் பறக்க இயலாது. இறக்கையில் பனித்துளிகளோடு அமர்ந்திருக்கும் அந்தக் காட்சிக்கு ஈடே இல்லை! உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக் கூடாது. உடலுக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

இறக்கையை விரித்து அமர்ந்தால் தட்டான். முதுகின்மேல் மடக்கியிருந்தால் ஊசித்தட்டான். விரித்து அமரும் ஊசித்தட்டான்களும் உண்டு என்பதால், கண்களையும் பாருங்கள்: ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு ஓரங்களிலும் நன்கு விலகியிருக்கும்.