நடக்கும் எந்திரங்களின் வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடக்கும் ரோபோக்களைப் பற்றி எழுதுபவர்களில் பலர் 2000-இல் ஹோண்டா அறிமுகப்படுத்திய ‘அசிமோ’ என்ற மனித வடிவ ரோபோவில் ஆரம்பித்து, பாஸ்டன் டைனமிக்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தின் வீடியோக்களில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய நூறு வருஷம் அப்படியே காணாமல் போய்விடுகிறது. ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் வடிவமைத்த நான்கு கால் எந்திரம் 1878 பாரிஸ் கண்காட்சிக்கே வந்துவிட்டது. அதன் பாதம் போகும் பாதையைக் கால்களை இணைக்கும் தண்டுகளின் நீளமே முடிவு செய்யும். சமதளத்தில் சரி, ஒரு கல் குறுக்கே கிடந்தால் அவ்வளவுதான்.

அடுத்த தவறு, கால் இருந்தாலே ரோபோ என்று எழுதிவிடுவது. 1960-களின் கடைசியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரால்ஃப் மோஷர், அமெரிக்க ராணுவத்துக்காக ‘நடக்கும் டிரக்’ ஒன்றை உருவாக்கினார். படத்தில் பார்த்தால் அசல் ரோபோதான். ஆனால் உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் கையை அசைத்தால் முன்னங்கால் அசையும், காலை அசைத்தால் பின்னங்கால். எந்திரத்தின் கால் எதிலாவது முட்டினால் அந்த அழுத்தம் அவர் கைகாலிலேயே தெரியும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வோர் அடியையும் மனிதரே யோசித்து எடுத்து வைக்க வேண்டும் என்பதால் கொஞ்ச நேரத்திலேயே களைத்துப்போவார். கால்களை ஒருங்கிணைக்கும் வேலை கணினிக்கு ஏன் போனது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ‘ரோபோ’ என்று ஒரே சொல்லில் தாண்டிப் போனால் இந்தக் கதையே விட்டுப்போகும்.

வேகத்தை மட்டும் ஒப்பிடுவதும் வேண்டாம். 1973-இல் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கட்டோ குழு செய்த வாபோட்-1 என்ற இரண்டு கால் ரோபோ ஓர் அடி எடுத்து வைக்க ஏறக்குறைய 45 விநாடி ஆகும். அதன் எடை எப்போதும் ஊன்றிய பாதத்தின் மேலேயே இருக்கும். பாதியில் நிறுத்தினாலும் விழாது. 1980-களில் ஆய்வாளர் மார்க் ரைபெர்ட் செய்த ஒற்றைக்கால் எந்திரமோ நின்றால் விழுந்துவிடும். குதித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் சமநிலை. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்று மெதுவான பழசு, மற்றது வேகமான புதுசு என்று எழுதுவது தப்பு.

கணினி வளர வளர நடை தானாக வந்தது என்பதும் பாதி உண்மைதான். 1990-இல் பொறியாளர் டாட் மெக்கீர் மோட்டாரும் கணினியும் இல்லாத கால்களைச் சரிவில் நடக்கவிட்டுக் காட்டினார். புவியீர்ப்பும் காலின் வடிவமும் போதுமானதாக இருந்தன.

அப்புறம், விளம்பர வீடியோவை மட்டும் ஆதாரமாக வைத்து எழுதாதீர்கள். 2015-இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய ரோபோ போட்டியின் பதிவுகளையும் பாருங்கள். பல ரோபோக்கள் நடக்கும்போதே தொப்பென்று விழுந்தன. 20 லட்சம் டாலர் முதல் பரிசை வென்ற தென்கொரியாவின் ஹூபோ, சமதளத்தில் மண்டியிட்டு முழங்காலில் இருந்த சக்கரத்தில் உருண்டுதான் போனது.