டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்: உருவம் மெலிந்துபோனால் எங்கே பார்ப்பது?

பெங்களூரில் டிஜிட்டல் சிற்ப வேலைக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கோப்புகளைத் திறந்தால், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளே வரிசையாக நிற்கின்றன. டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் என்பது, நுணுக்கமாகச் செதுக்கிய சிற்பத்தின் மேடுபள்ளங்களைச் சாம்பல் நிறச் சாயல்களாகப் பதிந்து, எளிய உருவத்தின் பரப்பை ரெண்டரில் எழுப்பவோ அமிழ்த்தவோ உதவும் படம். யூவி (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) இல்லாமல் மேப் எடுப்பது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன்; அவை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நிறவெளியைப் பாராமல் நடுமதிப்பில் கைவைப்பது

செதுக்கும் மென்பொருளான இசட்பிரஷிலிருந்து எடுக்கும் 16 பிட் டிஃப் (TIFF) மேப்பில் வழக்கமாக 0.5 என்னும் நடுச் சாம்பல் அசைவின்மையைக் குறிக்கும்; இதுவே நடுமதிப்பு. அதைவிட வெளுத்த இடம் எழும்பும், கறுத்த இடம் அமிழும். கோப்பின் எண்களை மென்பொருள் எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்வது நிறவெளி. அந்தக் கோப்பை முப்பரிமாண மென்பொருளான மாயாவில் 'ரா' (எண்களை அப்படியே வாசிப்பது) என்று மாற்றாமல், திரைப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி என்றே விட்டுவிட்டால், 0.5 ஏறத்தாழ 0.214 ஆக வாசிக்கப்பட்டு, உருவம் முழுவதும் உள்வாங்கி, காதுமடல் போன்ற மெல்லிய பகுதிகள் தம்மையே ஊடுருவி நிற்கும்.

கோரமங்களாவில் ஒரு முதியவரின் தலையைச் செதுக்கியிருந்த தம்பி ஒருவர் இதைக் கண்டு, ரெண்டர் மென்பொருளான ஆர்னால்டில் நடுமதிப்பைக் குறிக்கும் ஸ்கேலர் ஜீரோ வேல்யூவை 0.214க்கு இறக்கிவிட்டு, "அண்ணா, சரியாயிடுச்சு" என்றார். பருமன் திரும்பியது உண்மைதான். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்த அரைகுறைத் தீர்வுதான். மேப்பில் 0.75 ஆக இருக்கும் மேடு 0.52 ஆகவும், 0.25 ஆக இருக்கும் பள்ளம் 0.05 ஆகவும் வாசிக்கப்படுவதால், நடுவிலிருந்து சம தொலைவில் இருக்க வேண்டிய இரண்டில் மேடு 0.31 உயர, பள்ளமோ 0.16 மட்டுமே இறங்குகிறது. மருக்கள் வீங்கின, நெற்றிச் சுருக்கங்கள் ஆழமிழந்தன. சிற்பத்தில்தான் குறை என்று எண்ணிய அவர், அத்தனை சுருக்கங்களையும் மீண்டும் ஆழமாக வெட்டி, புது மேப் எடுத்து அனுப்பினார். ஒளியமைப்புப் பிரிவில் ஒருவர் கோப்பை முறைப்படி 'ரா'வுக்கும் நடுமதிப்பை 0.5க்கும் மாற்றியதும், முகம் கத்தியால் கீறியதுபோல் ஆனது. சுருக்கங்கள் மூன்றாம் முறையாகச் செதுக்கப்பட்டன.

எனவே உருவம் சீராக மெலிந்தாலோ பருத்தாலோ முதலில் நிறவெளியைப் பாருங்கள். நடுமதிப்பு அதற்குப் பிறகுதான். 32 பிட் ஈஎக்ஸ்ஆர் (EXR) கோப்பாக எடுத்தால் நடுமதிப்பு வழக்கமாக 0, அங்கே 0.5 என்று வைத்தாலும் உருவம் இதேபோல் உள்வாங்கும்.

8 பிட் மேப்

வேண்டாம். 256 படிகளில் தோல் வராது.

பழைய மெஷ்ஷில் புதிய மேப்

மெஷ் என்பது உருவத்தின் வலைப்பின்னல். இசட்பிரஷில் அதை நுணுக்கமாகப் பிரித்த மேல்நிலைகளில் செதுக்கும்போது, மிக எளிய முதல் நிலையின் வடிவமும் நகர்கிறது; மேப்போ அந்த முதல் நிலையிலிருந்துதான் அளக்கப்படுகிறது. ஆகவே, தொடக்கத்தில் கொண்டுவந்த மெஷ்ஷை மார்ஃப் டார்கெட்டாக (பிறகு திரும்பக்கூடிய வடிவமாக) சேமித்து, மேப் எடுக்கும் முன் அதற்கு மாறியிருந்தாலன்றி, அப்போதைய முதல் நிலையையே மேப்புடன் சேர்த்து ஏற்றுமதி செய்ய வேண்டும்.

நறுக்கப்பட்ட மூக்கு நுனி

பவுண்ட்ஸ் பேடிங் (மேடு எழும்ப உருவத்தைச் சுற்றி ரெண்டரில் ஒதுக்கும் இடம்) போதவில்லை. மிக உயர்ந்த மேட்டை அடக்கும் அளவு மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் ரெண்டர் நேரம்தான் கூடும்.