வெயில் இலைக்கு, நிழல் வேருக்கு: துணித்தொட்டிச் செடிகளைக் கோடையில் காக்கும் முறை

காலையில் நிமிர்ந்து நின்ற மிளகாய்ச் செடி, பிற்பகல் இரண்டு மணிக்குத் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறது. இருந்தும் மனம் கேட்காமல் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். தொட்டியில் செடி வளர்த்த என் முதல் கோடையில் நானும் அதைத்தான் செய்தேன். ஒரே மாதத்தில் மூன்று செடிகள் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தபோது மேற்குப் பக்கத்து வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன; கிழக்குப் பக்கத்தில் வெள்ளை வேர்கள் உயிரோடு இருந்தன. அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் குறையவில்லை. பிற்பகல் வெயிலில் வேர் வெந்துபோயிருந்தது.

தரையில் வளரும் செடியின் வேரைச் சுற்றி எல்லாப் பக்கமும் மண் இருக்கிறது. தொட்டியில் அப்படி இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே வேர் நிற்கிறது. சுவர் சுட்டால் வேரும் சுடும். மண்ணின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பல காய்கறிச் செடிகளின் வேர் வளர்ச்சி தளர்கிறது. 40 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் நீடித்தால் நுனிவேர்கள் சாகத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் தண்ணீரை ஊற்றிக் குளமாக்குவது இன்னும் கெடுதல். சூடான வேருக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. சூடான நீரிலோ ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மூச்சுத் திணறும் வேரை அழுகல் பூஞ்சைகள் எளிதாகப் பிடித்துக்கொள்கின்றன.

துணித்தொட்டி, அதாவது கெட்டித் துணியால் தைத்த செடிப் பை, இதற்கு நல்ல விடை. மண்பானை நீரைக் குளிர்விப்பது போலவே, ஈரத் துணி வழியாக நீர் ஆவியாகி, போகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏழு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. ஆனால் துணி ஈரமாக இருக்க வேண்டும். அதன்மேல் காற்றுப் பட வேண்டும். காய்ந்துபோன கறுப்புத் துணி நேர் வெயிலில் நின்றால் பிளாஸ்டிக் தொட்டியைப் போலவே சுடும். துணித்தொட்டி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நம்பி ஏமாறுவது இங்கேதான்.

படி 1: அளந்து பாருங்கள்

மண்ணில் செருகும் வெப்பமானி ஒன்று போதும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத் தொட்டியின் மேற்குச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, ஒரு சாண் ஆழத்திற்குச் சற்றுக் குறைவாகச் செருகுங்கள். பிறகு நடுவிலும் கிழக்குப் பக்கத்திலும் அளந்து மூன்றையும் எழுதி வையுங்கள். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்று 34 டிகிரி இருக்கும் நாளில் சுவரோர மண் 40 டிகிரியைத் தாண்டி நிற்கலாம். வெப்பமானி இல்லாவிட்டால் விரலை நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுவது போலத் தோன்றினால் வேருக்கு அது கூடுதல் சூடு.

படி 2: தரையிலிருந்து தூக்குங்கள்

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி, இருட்டிய பிறகும் வெளியிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு செங்கற்களோ மரச்சட்டங்களோ வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள். அடியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தால் காற்று புகுந்து அடித்துணியிலிருந்தும் நீர் ஆவியாகும்.

படி 3: சுவருக்கு நிழல் கொடுங்கள்

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். இலைக்கு வெயில் வேண்டும், அதில் கை வைக்க வேண்டாம். தொட்டியின் பக்கவாட்டில் விழும் வெயிலைத்தான் தடுக்க வேண்டும், அதிலும் முதலில் மேற்குப் பக்கத்தை.

தொட்டியைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, அவற்றில் வெள்ளைப் பருத்தித் துணியையோ பழைய படுக்கை விரிப்பையோ பாவாடை போலச் சுற்றிக் கட்டுங்கள். தொட்டிக்கும் இந்தத் துணிக்கும் இடையே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். மேலும் கீழும் திறந்திருக்கட்டும். வெயிலைத் துணி வாங்கிக்கொள்ளும், உள்ளே காற்று ஓடும். வெப்பம் வறண்டதாக இருக்கும் ஊரில் நனைத்த சணல் சாக்கைத் தொட்டியோடு ஒட்டியே சுற்றலாம். அப்போது முதலில் ஆவியாவது சாக்கின் ஈரம், வேரைச் சுற்றியுள்ள நீர் மிஞ்சும்.

பிளாஸ்டிக் தாளையோ அலுமினியத் தாளையோ தொட்டியில் இறுக்கிச் சுற்றிவிடாதீர்கள். வெயில் திரும்பிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் துணி மூச்சு விடும் வழியை அடைத்துவிடுகிறீர்கள். துணித்தொட்டி வாங்கியதன் பயனே போய்விடும்.

பல தொட்டிகள் இருந்தால் நெருக்கி வையுங்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். நடுவே ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டால் போதும். வெயிலைத் தாங்கும் செடிகளை மேற்கு ஓரத்தில் நிறுத்துங்கள்.

படி 4: மூடாக்கு போடுங்கள்

காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார் எதுவானாலும் சரி. மண்ணின் மேல் ஐந்து சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டினால் அங்கே ஈரம் தங்கி அழுகும்.

படி 5: தண்ணீர்

அதிகாலையே நல்ல நேரம். காய்ந்து இறுகிய மண்கலவை தண்ணீரை உடனே ஏற்காது. ஓரமாக வழிந்து துணி வழியே வெளியேறிவிடும். கீழே நீர் வடிவதைப் பார்த்து, போதும் என்று நாம் நினைத்துவிடுகிறோம், நடுமண்ணோ காய்ந்தே கிடக்கிறது. அதனால் இரண்டு தவணையாக ஊற்றுங்கள். முதலில் பூவாளியால் மேல்மண் நனையும் அளவு. பத்து நிமிடம் கழித்து, அடியில் வடியும் வரை.

வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டு, குளிர்ந்த நீர் வந்த பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்று சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. விரலை ஐந்து சென்டிமீட்டர் நுழைத்து மண் காய்ந்திருந்தால், எந்த நேரமானாலும் ஊற்றத்தான் வேண்டும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், உள்ளே ஊற்றாமல் தொட்டியின் வெளிச்சுவரில் மட்டும் தண்ணீரைத் தெளியுங்கள். ஒரு குவளை நீரே போதும். துணி குளிரும், வேர் மூழ்காது. மாலையில் செடி தானாக நிமிர்ந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கிக் கிடந்தால் வேரைத் தோண்டிப் பாருங்கள்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் நீர் மெதுவாகவே ஆவியாகும், தெளிப்பதால் பெரிய பலன் இராது. அன்றைக்கு நிழல்தான் வேலை செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பிற்பகலில் 30 முதல் 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேலேயும் கட்டுங்கள்.

துணியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதைப் பார்ப்பீர்கள். நீர் ஆவியான பின் தங்கிய உப்பு அது. ஈரத் தூரிகையால் தேய்த்துவிட்டு, மாதம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை அலசுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால்

வெளிர் நிறத்தில், 20 லிட்டருக்குக் குறையாத தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். சிறிய தொட்டி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காய்ந்தும் போகும்.

படி 6: மறுபடி அளந்து பாருங்கள்

மூன்று நாள் கழித்து அதே நேரத்தில், அதே இடங்களில் வெப்பமானியைச் செருகுங்கள். மேற்குச் சுவரோரத்துக்கும் கிழக்குச் சுவரோரத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் நிழல் துணி வெயில் வரும் கோணத்தில் நிற்கவில்லை. நான்கு மணிக்குத் தொட்டியருகே நின்று, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துத் துணியை நகர்த்திக் கட்டுங்கள். குளிர்காலம் வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், அப்போது அதே வெயில் வேருக்குத் தேவைப்படும்.