தாத்தாவின் அப்பா யார்? மலாயாக் குடிக்கணக்கையும் பழைய பத்திரங்களையும் வைத்துத் தேடும் முறை

குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) தாத்தாவின் பெயரைப் பார்த்துவிடலாம் என்று கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் 1921 வரை வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1921, 1931, 1947, 1957 மலாயாக் கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது அச்சிட்ட அறிக்கையும் அட்டவணைகளும் மட்டுமே. அவற்றில் ஆள் பெயர் கிடையாது. ஆனாலும் அந்த அறிக்கையை ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் சொல்லும் கதை நடந்திருக்கக்கூடியதுதானா என்று பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

உதாரணத்துக்கு, 1931 கணக்குப்படி மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. தோட்டத்தில் கணவனை இழந்த பெண்ணோ, கணவன் ஊருக்குப் போய்த் திரும்பாத பெண்ணோ இன்னொருவருடன் குடும்பம் நடத்தியது அன்று அபூர்வமல்ல. அதே ஆண்டு இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மலாயாவில் பிறந்தவர். 1947-இல் இங்கே பிறந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேராகிவிட்டார்கள். ஆகவே, 1905 வாக்கில் பிறந்த கொள்ளுத்தாத்தா 'இங்கேயே பிறந்தவர்' என்று யாராவது சொன்னால் அதற்குக் கூடுதல் ஆதாரம் கேளுங்கள். 1947-இல் இந்தியர் தொகை 1931-ஐவிடக் குறைவு. பொருளாதார மந்தத்தில் ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள், சயாம் மரண ரயில்பாதையில் மாண்டவர்கள் எல்லாரும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். ஒருவர் திடீரென்று எந்தப் பத்திரத்திலும் வராமல் போனால் முதலில் நினைக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

இனத்தின் பெயரும் கணக்குக்குக் கணக்கு மாறும். 19-ஆம் நூற்றாண்டு நீரிணைக் குடியேற்றக் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) கணக்குகளில் 'ஜாவி பெக்கான்' என்று தனிப் பிரிவு இருந்தது. தமிழ் முஸ்லிம் அப்பாவுக்கும் மலாய் அம்மாவுக்கும் பிறந்த பினாங்குக் குடும்பங்கள் பல அதற்குள் அடங்கின. பிறகு அந்தப் பிரிவு மறைந்தது. அதனால் அண்ணன் ஒரு பத்திரத்தில் மலாய்க்காரராகவும் தம்பி இன்னொன்றில் தமிழராகவும் இருந்தால், இருவரும் வேறு குடும்பம் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.

பிறப்புப் பத்திரத்தை எங்கிருந்து வாசிப்பது

சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) கையில் வந்ததும் எல்லாரும் அப்பா பெயர்க் கட்டத்தைத்தான் தேடுவார்கள். நீங்கள் தகவல் கொடுத்தவர் கட்டத்தையும் பதிவான தேதியையும் முதலில் பாருங்கள். பிறந்த சில நாளில் அம்மாவே சொல்லிப் பதிந்ததற்கு ஒரு மதிப்பு. ஏழு வருடம் கழித்து, பள்ளியில் சேர்ப்பதற்காகக் கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) கங்காணியோ சொல்லிப் பதிந்ததற்கு வேறு மதிப்பு. தாமதமாகப் பதிந்த பத்திரத்தில் அப்பா இடத்தில் வருவது பெரும்பாலும் அன்று வீட்டில் இருந்த ஆளின் பெயர். அவர் பெற்றவராக இருக்கலாம், வளர்த்தவராகவும் இருக்கலாம்.

அப்பா கட்டம் காலியாக இருந்தால் 'அப்பன் பெயர் தெரியாத பிள்ளை' என்று வருந்த வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அப்பா பெயரைப் போட வேண்டுமானால் அம்மாவும் அவரும் சேர்ந்து கேட்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியிருந்தும் காட்டுவதற்குக் காகிதம் இல்லாதவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1976-இல் நிறைவேறி 1982 மார்ச் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த இந்துக் கல்யாணம், பதிவு இல்லாவிட்டாலும் செல்லும். பதிவு இல்லை என்பதால் கல்யாணமே இல்லை என்று ஆகாது.

அடுத்து உடன்பிறந்தவர்களின் பத்திரங்கள். நேர் வாரிசின் பத்திரம் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1934-இல் பிறந்த தாத்தாவின் பத்திரத்தில் அப்பா பெருமாள். வீட்டுப் பேச்சிலோ ஊருக்குப் போன ராமசாமி. தாளை இரண்டாகப் பிரித்து, ராமசாமி அப்பாவாக இருந்தால் என்னென்ன இருக்க வேண்டும், பெருமாள் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். 1929-இல் பிறந்த அக்காள் பத்திரத்தில் ராமசாமி, 1937-இல் பிறந்த தம்பி பத்திரத்தில் பெருமாள் என்று வந்தால், நடுவில் பிறந்தவருக்கு இரண்டும் பொருந்தும். அப்போது முடிவைச் சொல்வது தாத்தாவின் பத்திரம் பதிவான தேதிதான். உடனே பதிந்தது என்றால் பெருமாள் பக்கம் கனம்; 1941-இல் பதிந்தது என்றால் ராமசாமியை இன்னும் தள்ள முடியாது. ராமசாமி 1932-லேயே கப்பல் ஏறிவிட்டார் என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது.

அம்மாவின் பெயரை மூன்று பத்திரத்திலும் ஒப்பிட மறக்காதீர்கள். முதல் தாரம் இறந்து அவள் தங்கையே இரண்டாம் தாரமாக வந்த வீடுகள் நிறைய.

பெயரும் தேதியும் செய்யும் குழப்பம்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஏ/எல் (மகன்), ஏ/பி-க்குப் (மகள்) பின்னால் வருவது அப்பா பெயர் மட்டும். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டி இருந்திருப்பார்கள். எனவே பெயரை மட்டும் வைத்து ஆளை உறுதி செய்யாதீர்கள்: பெயர், அப்பா பெயர், தோட்டம், மனைவி பெயர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துவர வேண்டும். ஆங்கில எழுத்தில் தேடும்போது ஒலியை வைத்துத் தேடுங்கள். லெட்சுமியில் 'டி'யும் 'சி'யும் 'எச்'சும் இருக்கும், இல்லாமலும் இருக்கும்; சின்னசாமி 'எஸ்'ஸிலும் 'சி'யிலும் தொடங்கும்; சுப்ரமணியத்தின் நடு எழுத்து B ஆகவும் P ஆகவும் எழுதப்பட்டிருக்கும்.

வயது 30, 35, 40 என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்தால் அது கண் மதிப்பு. ஐந்து வருடம் முன்பின் விட்டுத் தேடுங்கள். அடையாளக் கார்டு (ஐசி) 1948-இல் அவசரகாலத்தோடு வந்தது. அப்போது பெரியவர்கள் வாயால் சொன்ன வயதுதான் ஐசியில் ஏறியது. ஜப்பான்காரன் காலத்துப் பத்திரத்தில் 2603 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், 660-ஐக் கழித்தால் 1943. பழைய ஜாதகத்தில் 'ஆங்கிரச வருஷம்' என்றிருந்தால் 1932-33. ஆனால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் தலைமுறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எல்லை. பினாங்கும் செபராங் பிறையும் நீரிணைக் குடியேற்றம். சிலாங்கூரும் பேராவும் கூட்டு மலாய் மாநிலங்கள். செபராங் பிறையில் உள்ள நிபோங் தெபாலில் வேலை செய்தவரின் பிள்ளை பேராவின் பாரிட் புந்தாரில் பிறந்திருந்தால் பதிவு அடுத்த அரசாங்கத்தில் கிடக்கும். ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடும்போதும் இதே கதைதான்: சிலாங்கூருக்குச் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள், பினாங்குக்கு நீரிணைக் குடியேற்றக் கோப்புகள். ஆள் பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. தோட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரைப் போடுங்கள்.

பதிவகத்துக்கு வெளியே

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பாதி வேலை குறைவு. பழைய ஞானஸ்நான ஏடுகள் லத்தீனில் இருக்கும். 'பாத்ரே இக்னோத்தோ' என்றால் தகப்பன் அறியப்படாதவர். 1908-க்குப் பிறகு, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில் ஏட்டின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்று விதி. அந்த ஓரக் குறிப்பை நகல் எடுப்பவர் விட்டுவிடுவார், கேட்டு வாங்குங்கள். ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சொந்தம்தான். பினாங்கு முஸ்லிம் குடும்பங்களுக்குக் காதிகளின் நிக்காஹ் பதிவேடு 1880 சட்டத்திலிருந்து உண்டு. நகரத்தாருக்கு ஊரில் கோயில் புள்ளிக் கணக்கு (கல்யாணமான குடும்பங்களின் பட்டியல்) இருக்கிறது. கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த இடம்) இருந்த செட்டியாருக்கு இங்கே வேறு துணைவி இருந்திருந்தால் அவள் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைவிடப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுவது பலன் தரும்: 1923 தொழிலாளர் சட்டம் தோட்டங்களைப் பள்ளி நடத்தச் சொன்னதால், பிள்ளை பெயரோடு தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயரும் அங்கே எழுதப்பட்டது.

மரபணுச் சோதனையைக் கடைசியாக வையுங்கள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் சராசரியாக 850 சென்டிமார்கன் (மரபணுப் பகிர்வை அளக்கும் அலகு) அளவு பகிர்வார்கள். அந்த உடன்பிறந்தவர்களுக்கு அப்பா வேறு, அம்மா ஒன்று என்றால் ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய வீடுகளில் இந்த எண் ஏறித் தெரியும். பாதிச் சொந்தம் முழுச் சொந்தம் போல் காட்டும். ஆகவே முதலில் குடும்பத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று படம் வரைந்துவிட்டு, சந்தேகத்துக்குரிய இருவரின் வழியிலும் குறைந்தது இரண்டிரண்டு பேரைச் சோதிக்கக் கேளுங்கள். கேட்கும்போதே, வரும் முடிவு அவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்றை வெளியே கொண்டுவரலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள்.