கச்சேரிப் பாட்டை எழுத்தில் வருணிப்பது எப்படி?

‘அருமையாகப் பாடினார்’, ‘தேன் குரல்’ என்றெல்லாம் எழுதினால், கச்சேரிக்கு வராத வாசகரின் காதில் எதுவும் விழாது. கர்நாடக இசையில் பாட்டைப் பற்றிப் பேசுவதற்கென்றே சொற்கள் நிறைய வழங்குகின்றன. ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று அறிந்து எழுத வேண்டும்.

முதலில் சாரீரத்தைச் சொல்லுங்கள். சாரீரம் என்பது குரலின் இயல்பு. கால் எழுத்தை விட்டு ‘சரீரம்’ என்று எழுதினால் அது உடம்பாகிவிடும். குரல் கனமானதா, மந்திர ஸ்தாயியில் (கீழ்க் குரல் எல்லையில்) தெளிவாக இறங்குகிறதா, மேல் ஸ்தாயியில் பிசிறு தட்டுகிறதா, எட்டாத இடத்தைக் கள்ளத்தொண்டையில் (இயல்பல்லாத பொய்க்குரலில்) சமாளிக்கிறாரா என்று கவனியுங்கள்.

அடுத்தது சுருதி, அதாவது பாடகர் பாட்டுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஒலி நிலை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்று சொல்வது வழக்கம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது என்பதால், ‘மூன்றரைக் கட்டையில் பாடினார்’ என்று எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கட்டை உயர்ந்தால் பாட்டும் உயர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், பாடகர் எம். டி. ராமநாதன் (1923–1984) புகழ்பெற்றதே தாழ்ந்த சுருதிக்கும் விளம்ப காலம் என்னும் மெதுவான நடைக்கும்தான்.

அதிகம் குழப்பப்படுபவை கமகமும் பிருகாவும். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இழைத்தும் பாடுவது கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) அசைவில்லாமல் நிறுத்தினால் அது தோடியாகவே ஒலிக்காது. பல ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் உருட்டி விடுவது பிருகா. அதற்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜி. என். பாலசுப்ரமணியம் (1910–1965). இவற்றுக்கு மாறாக, ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்பது கார்வை. சுருதி சுத்தத்தைச் சோதிக்க நான் பிருகாவைவிடக் கார்வையையே நம்புவேன், ஏனெனில் அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

சங்கதியும் நிரவலும் ஒன்றல்ல. ஒரு வரியைப் படிப்படியாக வளர்த்துப் பாடும் சங்கதிகள் பெரும்பாலும் பாடாந்தரமாக, அதாவது குரு வழியாக, வந்தவை. நிரவலில் பாடகர் பாட்டின் சாகித்தியச் சொற்களைத் தாளத்தில் அவற்றுக்குரிய இடம் பிசகாமல் வைத்துக்கொண்டு, ராகத்துக்குள்ளேயே மெட்டை அப்போதைக்கப்போது கற்பனையாக மாற்றிச் செல்கிறார். ஆகவே ‘நிரவல் செய்தார்’ என்பதோடு நிறுத்தாமல், எந்த வரியை எடுத்துக்கொண்டார், பதம் பிரிப்பு (சொற்களைப் பொருள் கெடாமல் பிரித்துப் பாடுவது) சரியாக இருந்ததா என்பதையும் குறிக்க வேண்டும்.

லயத்தை, அதாவது தாள ஒழுங்கை, வருணிக்கக் காலப்பிரமாணம் என்ற ஒரு சொல்லே பல வேளைகளில் போதும். தொடங்கிய வேகம் கடைசிவரை நின்றதா, ஓடிற்றா என்பதை அதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இனி ‘தோடி பிரமாதம்’ என்று எழுதத் தோன்றும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: ‘தோடி ஆலாபனையில் பிருகாக்களைக் குறைத்து, காந்தாரத்தை அழுத்தமான கமகத்தோடு பிடித்தார்; தார ஷட்ஜக் கார்வை தம்புராவோடு இழைந்து நின்றது; நிரவலில் மட்டும் இரண்டாம் காலம் சற்றே ஓடிவிட்டது.’ (தார ஷட்ஜம் என்பது மேல் ஸ்தாயி ‘ஸ’; இரண்டாம் காலம் என்பது இரட்டிப்பு வேகம்.)