கல்லூரி வளாக வைஃபை: அளந்த பிறகு மாற்றுங்கள்

வளாக வைஃபையின் உண்மையான நிலை, வகுப்பறை நிரம்பி மாணவர்களின் கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வேளையில்தான் தெரியும் என்பதால், காலியான அறையில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். கடைசி வரிசையில் அமர்ந்து சிக்னலைப் பாருங்கள்; அதன் வலிமையை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள், எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. அது -67 டிபிஎம்முக்குக் கீழே இறங்காமல் இருந்தால் வீடியோ அழைப்புக்கும் பொதுவாகப் போதுமானது. அடுத்து, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வரோடு ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை மென்பொருளைக் கொண்டு வேகத்தைச் சோதித்தால், குறை வைஃபையிலா, வெளி இணைய இணைப்பிலா என்பது தெளிவாகிவிடும். புதிய கருவிகளுக்குச் செலவிடும் முன் இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும்.

சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் குறைந்தால், பெரும்பாலும் சேனல் நெரிசலே, அதாவது ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்வதே காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய சேனல்களை அடுத்தடுத்த அக்சஸ் பாயிண்டுகளுக்கு (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவிகளுக்கு) மாற்றி மாற்றி ஒதுக்கி, அவற்றின் பவரைக் கூட்டாமல் அளவாகக் குறைத்து, இயன்ற கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இருக்கையில், அதே நேரத்தில் மீண்டும் அளவெடுங்கள்.